கயிறு கட்டிய கல்

பிரிசில்லாவுக்கு ஜப்பானுக்குப் போவது பெரிதாகத் தெரியவில்லை. சிங்கப்பெருமாள் கோயில் என்ற ஊரில் ஒரு வாடகை வீடு கிடைப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. நெம்மேலி காலனி சர்ச்சில் அவளுக்காக வழியனுப்பு ஜெபம் நடந்தபோது பாதிரியார் விமானத்துக்காகவும் விமானிக்காகவும் உருகி உருகி ஜெபித்தார். அவளோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, 'ஆண்டவரே, அந்த மாடி போர்ஷன்' என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

வேலை, சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில், காருக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனியில். பதினோரு வருஷத்தில் லைன் லீடர் ஆகியிருந்தாள். காலை ஷிஃப்ட் என்றால் நாலு மணிக்கு எழுந்து, புருஷன் பூபாலனின் பைக்கில் திருப்போரூர் போய், அங்கே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மகள் கவியாவுக்குச் செங்கல்பட்டில் பதினொன்றாம் வகுப்பில் இடம் கிடைத்த பிறகு அவளும் அப்படியே ஓட ஆரம்பித்தாள். போன மாதம் அந்தப் பெண் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கிப்போய், டிரைவர் பிரேக் போட்டதில் கம்பியில் மோதி, நெற்றியில் நாலு தையல். பூபாலன் குட்டியானை வண்டி வைத்து லோடு அடிக்கிறவன். அவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஆக, வீடு மாற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுதான் நாலு மாதமாக நடக்கவில்லை.

வீட்டைக் காட்டும்போது எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். பேரைக் கேட்பார்கள். எந்த ஊர் என்பார்கள். நெம்மேலியில் எந்தப் பக்கம் என்பார்கள். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடித்ததும் வீட்டுக்காரரின் தம்பிக்கோ மச்சானுக்கோ அந்த வீடு திடீரென்று தேவைப்பட்டுவிடும். உலகத்தில் இத்தனை தம்பிகளும் மச்சான்களும் தங்க இடமில்லாமல் தவிக்கிறார்களே என்று பிரிசில்லாவுக்கு ஒரு கட்டத்தில் இரக்கமே வந்துவிட்டது.

கடைசியில்தான் சாவித்ரி மேடத்தின் மாடி காலியாக இருப்பது தெரிந்தது. மேடம் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். ஐம்பத்தாறு வயது. கோயிலுக்கு அடுத்த தெருவில் சொந்த வீடு; கணவர் ஸ்ரீனிவாசராகவன் ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். மேடம் நல்லவர். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. பிரிசில்லாவை லைன் லீடராக்கலாமா என்று மேனேஜர் இழுத்தடித்தபோது, அவள் சொன்னதை ஜப்பான்காரரிடம் மொழிபெயர்க்கிற சாக்கில் அவள் சொல்லாத நாலு நல்ல வார்த்தைகளையும் சேர்த்துச் சொல்லி வேலையை வாங்கிக்கொடுத்தவர் அவர்தான்.

ஆனால் நவராத்திரி வந்தால் மேடம் ஆபீஸ் பெண்களைக் கொலுவுக்கு வீட்டுக்கு அழைப்பார். லைன் பெண்களுக்குச் சுண்டலைத் தூக்கில் எடுத்து வந்து கம்பெனியிலேயே கொடுத்துவிடுவார். ஒருமுறை, யாரும் எதுவும் கேட்காதபோதே, "நீ சர்ச்சுக்குப் போறவளாச்சே பிரிசில்லா, சங்கடப்படுவியோன்னுதான் ஆத்துக்குக் கூப்பிடலை" என்றார். கேட்காத கேள்விக்கு வந்த பதிலைப் பிரிசில்லா சுண்டலோடு சேர்த்து மென்று விழுங்கினாள். சுண்டல் நன்றாக இருந்தது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு கேன்டீனில் மெதுவாகக் கேட்டாள். "மேடம், உங்க வூட்டு மாடி காலியா கீதாமே? நாங்க மூணு பேருதான்."

மேடத்தின் முகம் ஒரு நொடி அணைந்து எரிந்தது, கரண்ட் போய்த் திரும்பி வருமே அதுபோல. "என் நாத்தனார் பையன் வரேன்னு சொல்லிண்டிருக்கான்மா. இன்னும் முடிவாகலை. ஜப்பான் போயிட்டு வந்து சொல்றேனே."

நாத்தனார் பையன். பிரிசில்லா தலையை ஆட்டினாள். தம்பி, மச்சான் வரிசையில் இது ஒன்றுதான் பாக்கி இருந்தது. ஆனாலும் மேடம் 'இல்லை' என்று சொல்லவில்லை. வந்து சொல்கிறேன் என்றுதான் சொன்னார். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் விமானம் ஏறினாள்.

மூன்று வாரப் பயிற்சி. மேடம், பிரிசில்லா, ஹேமந்த் என்று ஒரு சின்ன வயது இன்ஜினீயர். இரண்டு வாரம் ஹோட்டலும் தொழிற்சாலையுமாகப் போயிற்று. மூன்றாவது ஞாயிறு ஹேமந்த் ஏதோ ரோபோ கண்காட்சிக்கு ஓடிவிட்டான். பெண்கள் இருவரையும் பக்கத்தில் உள்ள ஒரு பழைய கால்வாய் ஊருக்குப் போய்வரச் சொல்லித் தொழிற்சாலைக்காரர்கள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஊரின் பெயர் பிரிசில்லாவின் வாயில் கடைசிவரை நுழையவில்லை. நாமும் கால்வாய் ஊர் என்றே வைத்துக்கொள்வோம்.

நன்றாகத்தான் இருந்தது ஊர். நடுவே கால்வாய், இரு கரையிலும் வெள்ளைச் சுவரும் கறுப்பு ஓடுமாகப் பழைய சரக்குக் கிட்டங்கிகள், தண்ணீரைத் தொடும் மரக்கிளைகள். அந்தக் காலத்தில் அரிசியும் பருத்தியும் இந்தக் கால்வாய் வழியாகத்தான் கடலுக்குப் போனதாம். வியாபாரிகள் கொழுத்தார்களாம். பணம் மிஞ்சியதும் படம் வரைகிறவர்களைக் கூப்பிட்டு, மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போட்டு வரையச் சொன்னார்களாம். மியூசியத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதியிருந்ததை மேடம் படித்துப் படித்துச் சொன்னார். இரண்டு முறை ஜப்பான் வந்திருந்தாலும் அவரும் இதுவரை தொழிற்சாலையைத் தாண்டியதில்லை. அவருடைய ஜப்பான் மொழி இருபது வருஷமாக வரைபடங்களோடும் மெஷின் கையேடுகளோடும் வளர்ந்தது. 'இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளவும்' என்பதை அழகாகச் சொல்வார். 'உங்கள் தோட்டம் அழகாக இருக்கிறது' என்று சொல்ல யோசிப்பார்.

"எங்க பக்கிங்காம் கால்வாயும் இதே அகலம்தான் மேடம்" என்றாள் பிரிசில்லா, பாலத்தில் நின்றுகொண்டு. "இங்க தண்ணியில மீனு தெரியுது. அங்க கேரி பேக் தெரியுது."

மேடம் சிரித்தார்.

"எங்க தாத்தா அப்பாசாமி அதுல படகு இழுத்தவரு. உப்பும் சவுக்குக் கட்டையும் ஏத்திகினு மெட்ராசுக்குப் போவுமாம். காத்து இல்லன்னா கரையில எறங்கி கயித்தத் தோள்ல போட்டு இழுத்துகினே போவணும்."

"நெஜமாவா? நீ சொன்னதே இல்லையே" என்றார் மேடம்.

'நீங்க கேட்டதே இல்லையே' என்று நாக்கு நுனி வரை வந்ததைப் பிரிசில்லா அங்கேயே நிறுத்தினாள். வீடு கேட்டு நிற்கிறவள் நாக்கை அடக்கித்தான் ஆக வேண்டும்.

அன்றைக்கு அந்த ஊரில் திருவிழா. விசித்திரமான திருவிழா, மேளம் இல்லை, கூட்டம் இல்லை, கத்தல் இல்லை. பழைய வீட்டுக்காரர்கள் எல்லோரும் தெருப்பக்கத்து மரச்சட்டங்களைக் கழற்றிவிட்டு, தங்கள் பரம்பரைச் சொத்தான படத்தட்டிகளை முன்னறையில் விரித்து வைத்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு, மடிப்பு மடிப்பாக, தங்கப்பூச்சில் மலையும் நதியும் பறவையும். பக்கத்தில் பூச்சாடி, பொம்மைகள், விளக்கு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, குனிந்து வணங்கி, அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள்.

நாலாவது வீட்டு முன்னால் மேடம் நின்றுவிட்டார். முன்னறையில் சிவப்புத் துணி விரித்த மூன்று படிகள், அதில் பழைய பொம்மைகள், பின்னால் பெரிய படத்தட்டி.

"கொலு!" என்றார். "பிரிசில்லா, கொலுடி இது!"

ஊரில் நவராத்திரி நடந்துகொண்டிருந்த வாரம் அது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் வீட்டில் கொலு வைக்கவில்லை. இரண்டு வாரமாக அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துகொண்டிருந்தார். இப்போது கண்ணெதிரே படிகட்டி விளக்கேற்றிக் கதவைத் திறந்து வைத்திருந்தால் கால் நிற்குமா? வாசலிலிருந்து வீட்டுக்குள் போகும் நடைபாதைக் கற்களில் மளமளவென்று நடந்தார். ஷூவைக் கழற்றினார். உள்ளே ஏறி, படத்தட்டிக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, லட்சுமி மேல் ஒரு பாட்டை எடுத்தார். கொலுவுக்குப் போனால் பாடாமல் எழுந்து வருவது அவர் வழக்கத்திலேயே இல்லை.

பிரிசில்லா போகவில்லை. நடைபாதையின் முதல் கல்லுக்கு மேல் ஒரு சின்னக் கல் இருந்தது. மாங்காய் அளவு, கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகப் பார்சல் மாதிரிக் கட்டியிருந்தது. மேடம் அதைப் பார்க்காமலே தாண்டிவிட்டார். பிரிசில்லா பார்த்தாள். போர்டு இல்லை, அம்புக்குறி இல்லை. ஆனால் இதுக்கு மேல் வராதே என்று அது சொல்வது அவளுக்குச் சந்தேகமில்லாமல் கேட்டது. தெருவிலேயே நின்றாள்.

உள்ளே வீட்டுக்கார அம்மாள் கையில் பூவோடு திகைத்து நின்றிருந்தார். அவர் கணவர் எழுந்து நின்று குனிந்தார், மறுபடி குனிந்தார், என்ன செய்வதென்று தெரியாமல் மூன்றாம் முறையும் குனிந்தார். தெருவில் இருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள். நீலச் சட்டை போட்ட விழாத் தொண்டர் ஒருவர் ஓடி வந்து, பாட்டு முடியும்வரை காத்திருந்து (அந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும்), மேடத்தின் காதருகே குனிந்து என்னவோ சொல்லி, கையால் வாசல் கல்லைக் காட்டினார்.

மேடத்தின் முகம் வெளுத்தது. எழுந்தார். பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டார். தெருவுக்கு வந்து ஷூ நாடாவைக் கட்டப் பார்த்தார். முடிச்சு விழவில்லை. நாடா தொங்கத் தொங்கக் கால்வாய்க் கரைப் படிக்கு நடந்துபோய் உட்கார்ந்தார்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பிரிசில்லாவின் மனதின் ஒரு மூலையில் 'நல்லா வேணும்' என்று ஒரு குரல் கேட்டது. சின்னக் குரல்தான், ஆனால் கேட்டது. அது அடங்குவதற்குள் மேடத்தின் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். இருபது வருஷமாக இந்த மொழியை விற்றுச் சாப்பிட்டவர், அந்த மொழியிலேயே 'வெளியே வாருங்கள்' என்று கேட்டிருக்கிறார். பிரிசில்லாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள்.

"அம்பத்தாறு வயசாறது" என்றார் மேடம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒருத்தராத்துலேர்ந்து என்னை யாரும் வெளியே போன்னு சொன்னதில்லை பிரிசில்லா. ஒரு நாள் சொன்னதில்லை."

"வுடுங்க மேடம். அவுங்களும் மரியாதையாத்தான் சொன்னாங்க."

"அந்தக் கல்லுக்கு அதான் அர்த்தமாம். ஒரு போர்டு வைக்கப்படாதா? நீ மட்டும் எப்படி நின்னே? உனக்கு யார் சொன்னா?"

நாக்கை அடக்க வேண்டிய இடம்தான் இது. கவியாவின் நெற்றித் தையல் நினைவுக்கு வந்தது. மாடி போர்ஷன் நினைவுக்கு வந்தது. ஆனால் மேடம் கேட்கிறார். உண்மையாகவே தெரியாமல், குழந்தை மாதிரிக் கேட்கிறார். இதற்கும் ஒரு பொய் சொன்னால் தனக்கே தன்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று பிரிசில்லாவுக்குத் தோன்றியது.

"எங்க ஊர்லயும் எந்தப் போர்டும் இல்ல மேடம்" என்றாள். "எனக்கு ஆறு வயசு இருக்கும். எங்கம்மா செல்லம்மா அறுப்பு வேலைக்குப் போன வூட்டுக்கு நெல்லு வாங்க இட்டுகினு போனாங்க. பின்னாடி ஒரு தென்னமரம். அதாண்ட நிக்கணும். யாரும் எழுதி வெக்கல. வாசல்ல ஒரு கன்னுக்குட்டி கட்டியிருந்துது. அத்தப் பாக்க நான் ஓடிட்டேன். அம்மா ஓடியாந்து, முடியப் புடிச்சி இழுத்துகினு வந்து அறைஞ்சாங்க. என்னைய அவுங்க அடிச்சது அன்னிக்கி ஒரு நாளுதான். அதுலேர்ந்து எந்த வூட்டுக்குப் போனாலும் எங்க நிக்கணும்னு எனக்குத் தானாத் தெரியும். உங்களுக்கு அந்தப் பாடம் எடுக்க யாருக்கும் அவசியம் வரல மேடம். வேற ஒண்ணும் இல்ல."

கால்வாயில் ஒரு சுற்றுலாப் படகு போயிற்று. ஓலைத்தொப்பி போட்டவர்கள் இவர்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். பிரிசில்லா மட்டும் பதிலுக்குக் கையாட்டினாள். 'போச்சு, வூடு போச்சு' என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் நெஞ்சு என்னவோ லேசாக இருந்தது.

அப்போது பின்னால் செருப்புச் சத்தம். வீட்டுக்கார அம்மாள் வந்துகொண்டிருந்தார், வேகமாக, சின்னச் சின்ன அடியாக. வந்து குனிந்து, நீளமாக என்னவோ சொன்னார்.

"என்னவாம் மேடம்?"

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நம்ம வீட்டுல வந்து பாடினவாளைப் போகவிட்டுட்டோமேன்னு மனசு கேக்கலையாம். ரெண்டு பேரும் உள்ளே வந்து பார்க்கணுமாம்."

வாசலுக்குத் திரும்பி வந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் குனிந்து, கயிறு கட்டிய கல்லை இரண்டு கையாலும் எடுத்து ஓரமாக வைத்தார். வாருங்கள் என்று கை நீட்டினார். மேடத்தின் கால் எழவில்லை.

"எனக்குக் கூசறது பிரிசில்லா. மறுபடி அந்தப் படியேற முடியாது. நீ போ."

"எனக்கு பாஷை தெரியாதே!"

"நான் இங்கேர்ந்து சொல்றேன். போயிட்டு வா."

இப்படியாக, பிரிசில்லா உள்ளே போனாள். மேடம் தெருவில் நின்று மொழிபெயர்த்தார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். உள்ளேயிருந்து ஒரு ஜப்பானியப் பெண்குரல், உடனே தெருவிலிருந்து உரத்த தமிழ்.

படத்தட்டியில் ஆறு மடிப்பு. தங்க மேகங்களுக்கு நடுவே இதே கால்வாய், இதே வெள்ளைச் சுவர்கள். மாடங்களில் பட்டுடுத்திய வியாபாரிகள் உட்கார்ந்து நிலா பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மாள் அவர்களைத்தான் விரல் நீட்டிக் காட்டினார். பிரிசில்லாவின் பார்வை அவர்களைத் தாண்டிக் கீழே இறங்கியது. வலது ஓரத்தில், விரல் உயரத்துக்கு, கரையில் சில ஆட்கள் தோளில் கயிறு போட்டுப் படகை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வரைந்தவன் அவர்களையும் ஏனோதானோவென்று விடவில்லை. ஒவ்வொருவனின் கால்விரலும் மண்ணில் ஊன்றி மடங்கியிருந்ததைக்கூட வரைந்திருந்தான். அப்பாசாமித் தாத்தாவின் ஒரு போட்டோகூட வீட்டில் இல்லை. இங்கே யாரோ ஒருவன் யாரோ ஒரு தாத்தாவை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறான்.

ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வயர் முனைகளைப் பார்த்துச் சரி தப்பு சொல்கிற கண் அது. தானாக எண்ணிவிட்டது.

"மேடம்! ஆளு எட்டு பேரு. கயிறு ஏழுதான் கீது. இன்னான்னு கேளுங்க."

தெருவிலிருந்து கேள்வி போயிற்று. வீட்டுக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டு எண்ணினார். கணவரைக் கூப்பிட்டார். அவரும் எண்ணினார். தெருவில் நின்ற மேடத்துக்குப் பதில் வந்தது.

"நாலு தலைமுறையா வச்சிண்டிருக்காளாம். இதுவரைக்கும் யாரும் எண்ணிப் பார்க்கலையாம்!"

பிரிசில்லா மறுபடி உற்றுப் பார்த்தாள். எட்டாவது ஆள் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தான்.

"எல்லா லைன்லயும் இப்பிடி ஒருத்தன் இருப்பான் மேடம். சூப்பர்வைசருன்னு சொல்லுங்க."

மேடம் சொன்னார். வீட்டுக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் பொத்தாமலே சிரித்தார். தெருவில் மேடமும் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது சிரிப்பில் வந்த நீர்தானா என்று பிரிசில்லாவால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் ரயில் மூன்று ஸ்டேஷன் தாண்டியது. நாலாவதில் மேடம் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "என் நாத்தனாருக்குப் பையனே கிடையாது பிரிசில்லா. ரெண்டும் பொண்ணு."

"யாரும் வரலன்னு தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"நாம கெளம்பற அன்னிக்கிகூட டூலெட் போர்டு தொங்கிகினுதான் இருந்துது. பூபாலன் லோடு எடுத்துகினு உங்க தெருவுலதான் போறாரு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே, "ஊருக்குப் போனதும் வந்து வீட்டைப் பாரு" என்றார்.

நாலு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. பாய்ந்து பிடித்துக்கொண்டிருக்கலாம். பிரிசில்லாவின் குணம் அப்படியில்லை. "நாங்க மீன் துன்றவங்க மேடம். கடலோரத்து ஆளுங்க. கதவ சாத்திகினு, ஒளிச்சி வெச்சில்லாம் ஆக்க மாட்டோம். மொதல்லயே சொல்லிட்டேன்."

மேடம் யோசித்தார். 'பரவாயில்லை' என்று சுலபமாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "எங்காத்து ஜன்னலை நான் சாத்திக்கறேன்" என்றார். அந்தப் பதில் பிரிசில்லாவுக்குப் பிடித்திருந்தது.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, காலை ஆராதனை முடிந்து மூன்று பேரும் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனார்கள். ஸ்ரீனிவாசராகவன் சார் வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று அழைத்து, பக்கவாட்டுப் படிக்கட்டு வழியாக மாடிக்குக் கூட்டிப்போனார். மேடமும் பின்னாலேயே வந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை, துணி உலர்த்த மொட்டை மாடி. கவியா ஜன்னல் ஜன்னலாகத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் பத்து நிமிஷம்கூட இல்லம்மா, ஏழு மணிக்கு எழுந்தாப் போதும்" என்றாள். நெற்றித் தழும்பு வெயிலில் பளபளத்தது. பூபாலன் சுவரைத் தட்டிப் பார்த்தான். பிடித்துப்போனால் அவன் எதையாவது தட்டிப் பார்ப்பான்.

பிரிசில்லா சமையலறைக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"டேங்க் காலி" என்றார் சார். "மோட்டார் போடணும். சுவிட்ச் கீழே எங்க சமையலறையில இருக்கு. நீங்க வரதுக்குள்ள அதைப் படிக்கட்டுக்குக் கீழே மாத்திடலாம். எலக்ட்ரீஷியன் காசிநாதன் கிட்டே சொல்லி வச்சிருக்கேன். ஒரு மணி நேர வேலை."

நல்ல மனதோடு, மெனக்கெட்டுச் செய்கிற ஏற்பாடாகத்தான் அவர் சொன்னார்.

"முன்னாடி இருந்தவங்க எப்பிடி சார் போட்டுகினாங்க?" என்று கேட்டாள் பிரிசில்லா.

"அவா உள்ளே வந்து போட்டுட்டுப் போவா..." என்று ஆரம்பித்த சார், பாதியில் நிறுத்திவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பூபாலன் பிரிசில்லாவின் முழங்கையை லேசாகத் தொட்டான். விட்டுவிடு, தண்ணீர் வந்தால் போதும், சுவிட்ச் எங்கே இருந்தால் நமக்கென்ன என்று அதற்கு அர்த்தம். அவன் சொல்வதும் நியாயம்தான். மகள் ஏழு மணி வரை தூங்கலாம். ஒரு சுவிட்சுக்காக அதைக் கெடுத்துக்கொள்வார்களா?

"அப்ப மாத்த வேணாம் சார்" என்றாள் பிரிசில்லா. குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டாள். "நானும் வந்து போட்டுக்கறேன்."

சார் மனைவியைப் பார்த்தார். பூபாலன் தரையைப் பார்த்தான். கவியா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

சாவித்ரி மேடம் காலிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "கார்த்தால அஞ்சரைக்கு வந்துடு பிரிசில்லா. ஆறு மணிக்கு மேலே வோல்டேஜ் இருக்காது, மோட்டார் இழுக்காது."

சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"காசிநாதனுக்குப் போன் பண்ணி வரவேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றார் மேடம், கணவரிடம். அப்புறம் பிரிசில்லாவிடம், "வா, எங்கே இருக்குன்னு காட்டறேன்" என்று படியிறங்கினார்.

பிரிசில்லா பின்னால் போனாள். கூடத்தைத் தாண்டி, பூஜை அறையைத் தாண்டி, சமையலறை வாசலில் ஒரு கணம் நின்றாள். மேடம் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தார். காத்திருந்தார். பிரிசில்லா உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டாள்.